முறைக்கணக்கும் மருத்துவர் களைப்பும்

மருத்துவமனைகளின் வரலாற்றை எழுதுவோர் மாபெரும் கட்டடங்களைப் பற்றியும், புகழ்வாய்ந்த மருத்துவர்களைப் பற்றியும், புதிய மருந்துகளைப் பற்றியும் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். ஆனால், மருத்துவர் அறையின் சுவரில் ஒட்டப்பட்டிருக்கும் ஒரு தாளைப் பற்றி எழுதியவர் மிகச் சிலரே. இன்ன நாள் இன்னார் பணி, இன்ன இரவு இன்னார் பொறுப்பு என்று குறித்து வைக்கும் தாள் அது. மருத்துவர்கள் அதனை 'டியூட்டி சார்ட்' என்பார்கள். தமிழில் முறைக்கணக்கு எனலாம்.

பார்வைக்கு அற்பமாகத் தோன்றும் இத்தாளில்தான் இரண்டு உயிர்களின் நலம் அடங்கியிருக்கிறது. ஒன்று, மேசைமேல் மயங்கிக் கிடக்கும் நோயாளியின் உயிர். மற்றொன்று, கத்தி பிடித்து நிற்கும் மருத்துவரின் உயிர். முன்னதைப் பற்றி உலகம் எப்போதும் கவலைப்பட்டு வந்துள்ளது. பின்னதைப் பற்றிய கவலை நவீன உலகில் மிகவும் பிந்தியே பிறந்தது. அக்கவலை முன்பே ஒருமுறை தோன்றி, ஆவணத்திலும் எழுதப்பட்டு, பின்னர் மறக்கப்பட்டது என்பதே இக்கட்டுரை சொல்ல வரும் செய்தி.

பாக்தாதில் வாரம் இரு நாள்

புவைஹித் அரசர் அளுதுத் தவ்லா பாக்தாதில் டைகிரிஸ் ஆற்றின் மேற்குக் கரையில் எழுப்பிய மருத்துவமனை கி.பி. 982இல் (ஹிஜ்ரி 372) திறக்கப்பெற்றது. அங்கு 24 மருத்துவர்கள் அமர்த்தப்பட்டதாகப் பதின்மூன்றாம் நூற்றாண்டின் மருத்துவ வரலாற்றாசிரியர் இப்னு அபீ உஸைபிஆ எழுதுகிறார். அவர்களுள் கண் மருத்துவரும், அறுவை மருத்துவரும், எலும்பு முறிவைச் சரிசெய்வோரும் இருந்தனர்.

அங்குப் பணியாற்றிய ஜிப்ரீல் இப்னு உபைதுல்லாஹ் என்பவரைப் பற்றி அவ்வாசிரியர் தரும் குறிப்பு நமக்கு மிகவும் பயன்படுவதாகும். தலைமுறை தலைமுறையாகக் கலீஃபாக்களுக்கு மருத்துவம் செய்துவந்த புக்தீஷூ என்னும் கிறித்தவக் குடும்பத்தின் வழித்தோன்றல் இவர். அரச மருத்துவர் என்ற வகையில் 300 திர்ஹமும், மருத்துவமனைப் பணிக்காக வேறு 300 திர்ஹமும் பெற்றார். மருத்துவமனையில் அவருக்குரிய முறை வாரத்தில் இரண்டு பகலும் இரண்டு இரவும் ஆகும்.

எஞ்சிய நாள்களை அவர் ஓய்வில் கழித்தார் என்று எண்ண வேண்டியதில்லை. அரண்மனைப் பணி இருந்தது. 'அல்-காஃபீ' என்னும் பெரிய மருத்துவத் தொகுப்பை எழுதும் பணியும் இருந்தது. எனினும், மருத்துவமனை அவரிடம் கேட்டது எவ்வளவு என்பது வரையறுக்கப்பட்டிருந்தது. இரவும் அந்த வரையறைக்குள் எண்ணப்பட்டது. அதற்குத் தனியே ஊதியமும் இருந்தது.

கெய்ரோவின் வக்ஃபு ஆவணம்

முந்நூறு ஆண்டுகள் கழித்து இவ்வழக்கம் எழுத்தில் இன்னும் தெளிவு பெற்றதைக் கெய்ரோவில் காண்கிறோம். மம்லூக் சுல்தான் கலாவூன், ஆட்சிக்கு வருமுன் திமிஷ்கு நகரில் கடும் வயிற்று நோயால் வருந்தினார். அந்நகரின் நூரீ மருத்துவமனையிலிருந்து வந்த மருந்துகளால் நலம்பெற்று, தமக்கு ஆட்சி கிடைத்தால் அதுபோன்ற ஒரு மருத்துவமனையைக் கட்டுவதாக நேர்ந்துகொண்டார் என்று வரலாற்றாசிரியர் மக்ரீஸீ கூறுகிறார். அந்த நேர்ச்சையே 1284இல் (ஹிஜ்ரி 683) மன்ஸூரீ மருத்துவமனையாக உருவெடுத்தது.

அதன் செலவுக்காக எழுதி வைக்கப்பட்ட வக்ஃபு ஆவணம் படுக்கை, போர்வை, மருந்து, உணவு என ஒன்றையும் விடாது பேசுகிறது. மருத்துவர்களைப் பற்றிச் சொல்லுமிடத்தில் பொது மருத்துவர், கண் மருத்துவர், அறுவை மருத்துவர் என மூவகையினரையும் குறிப்பிடுகிறது. அவர்கள் எல்லாரும் ஒருசேர வந்தும் நோயாளிகளைக் கவனிக்கலாம். முறை வைத்துக்கொண்டும் கவனிக்கலாம். அந்த முறையை மருத்துவர்கள் தங்களுக்குள் உடன்பட்டு வகுத்துக்கொள்ளலாம். அல்லது வக்ஃபு நிருவாகியின் இசைவுடன் ஏற்படுத்தலாம். இரவில் மருத்துவமனையிலேயே தங்குவதும் அவர்கள் கடமை. அதையும் சேர்ந்தோ முறைவைத்தோ செய்யலாம். ஆவணத்தின் கருத்து இது.

இதில் இரண்டு நெறிகள் பொதிந்துள்ளன. இரவுத் தங்கல் என்பது பணியின் பகுதி என்பது ஒன்று. முறையை வகுக்கையில் அதன் சுமையைத் தாங்குவோரின் உடன்பாடு வேண்டும் என்பது மற்றொன்று. அக்காலத்துப் பெருமையை மிகைப்படுத்துவது நம் நோக்கமன்று. அன்றைய அறுவை மருத்துவம் பெரும்பாலும் கட்டிகளைக் கீறுதல், காயங்களைத் தைத்தல், சூடு வைத்தல், கல் எடுத்தல் என்ற அளவில் நின்றது. இன்றைய அறுவைக்கூடத்தின் வேலைப்பளு அன்று இல்லை. ஆயினும், மருத்துவரும் களைப்படையும் மனிதரே என்ற உண்மை அந்த ஆவணத்துக்குத் தெரிந்திருந்தது.

பால்டிமோரின் புதிய மரபு

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அறுவை மருத்துவத்தின் தன்மையே மாறிற்று. 1846இல் பாஸ்டனில் ஈதர் மயக்க மருந்து பலரறியப் பயன்படுத்தப்பட்டது. 1867இல் லிஸ்டர் கிருமி தடுக்கும் முறையை வெளியிட்டார். வலியும் சீழும் அடங்கவே, வயிற்றைத் திறக்கவும் மருத்துவர் துணிந்தனர். மின்விளக்கு வந்தபின் இரவும் அறுவைக்கு உரிய நேரமாயிற்று. முன்பு கைவிடப்பட்ட நோயாளிகள் இப்போது நள்ளிரவிலும் மேசைக்கு வந்தனர். வேலை பெருகிய அளவுக்கு முறைக்கணக்கும் விரிந்திருக்க வேண்டும். நடந்ததோ வேறு.

அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் 1889இல் திறக்கப்பட்ட ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் அறுவைத் துறைக்குத் தலைவராக அமைந்தவர் வில்லியம் ஹால்ஸ்டெட். ஜெர்மானிய மருத்துவக் கூடங்களில் தாம் கண்ட பயிற்சி முறையைத் தழுவி, இளம் மருத்துவர்களுக்கு ஒரு நெடும் பயிற்சித் திட்டத்தை அவர் வகுத்தார். பயிற்சி பெறுவோர் மருத்துவமனையிலேயே குடியிருந்தனர், மணமாகாதவராகவும் இருந்தனர். பயிற்சிக்காலம் சராசரி எட்டு ஆண்டுகள். அவற்றுள் ஆறு ஆண்டுகள் உதவியாளராக, இரண்டு ஆண்டுகள் தலைமைப் பயிற்சியாளராக என்று 1904இல் யேல் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய உரையில் அவரே விளக்கினார்.

பயிற்சி மருத்துவரை இன்றும் 'ரெசிடெண்ட்' என்றுதான் அழைக்கிறோம். அங்கேயே குடியிருப்பவர் என்பது அதன் பொருள். குடியிருப்பவருக்கு முறை எதற்கு? வீட்டில் இருப்பவர் எப்போது அழைத்தாலும் வரவேண்டியவர்தாமே! இவ்வாறு அந்தப் பெயரே முறைக்கணக்கின் தேவையை மறைத்துவிட்டது.

ஹால்ஸ்டெட்டின் அறிவுத்திறனை எவரும் மறுக்கவியலாது. திசுக்களை மென்மையாகக் கையாளவும், அறுவையில் ரப்பர் கையுறை அணியவும் உலகுக்குக் கற்பித்தவர் அவர். ஆனால் அவர் வாழ்வில் ஒரு துயரமும் இருந்தது. 1884இல் கொக்கேய்னை மரத்துப்போகும் மருந்தாகச் சோதிக்கையில் தம் உடலிலேயே செலுத்திப் பார்த்து, அதற்கு அடிமையானார். மீள்வதற்காகச் சிகிச்சை பெற்றவர் பின்னர் மார்ஃபீனுக்கு ஆட்பட்டார். அவருடைய நண்பர் வில்லியம் ஆஸ்லர் எழுதி மறைத்து வைத்த குறிப்பு 1969இல் வெளியானபோதுதான் மார்ஃபீன் பழக்கம் பலருக்கும் தெரியவந்தது. சலியாத மருத்துவர் என்ற இலக்கணத்தை வகுத்தவர்களுள் முதல்வர், உள்ளுக்குள் பெரிதும் வருந்திய மனிதராக இருந்தார். அந்த வருத்தத்தை மாணவர்கள் அறியவில்லை. அவர்கள் கண்டது அவரது கண்டிப்பை மட்டுமே. அதையே தங்கள் மாணவர்களுக்கும் வழங்கினர்.

ஓர் இளம்பெண்ணின் மரணம்

சுமார் நூறாண்டுகள் இம்மரபு கேள்வியின்றித் தொடர்ந்தது. அதனை அசைத்தது 1984 மார்ச் 5ஆம் நாள் நியூயார்க்கில் நிகழ்ந்த ஒரு மரணம். லிபி ஸயான் என்னும் பதினெட்டு வயதுப் பெண், முந்தைய நாள் இரவு காய்ச்சலும் நடுக்கமுமாக மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். அவர் ஏற்கெனவே உட்கொண்டு வந்த மனநல மருந்து ஒன்றோடு சேரக்கூடாத பெத்திடின் ஊசி அவருக்குப் போடப்பட்டது. காலையில் காய்ச்சல் எல்லை மீறி அவர் இறந்தார். அவரைக் கவனித்த பயிற்சி மருத்துவரின் பொறுப்பில் அந்த இரவு வேறு பல நோயாளிகளும் இருந்தனர்.

இது அறுவைத் துறையில் நிகழ்ந்ததன்று. ஆயினும் அதன் விளைவு எல்லாத் துறைகளையும் எட்டியது. பத்திரிகையாளரான தந்தையின் விடாமுயற்சியால் வழக்கு பெரு நடுவர் குழுவின் முன் சென்றது. அக்குழு மருத்துவர்களைக் குற்றவாளிகளாக்கவில்லை. அவர்களை அந்நிலையில் நிறுத்திய ஏற்பாட்டையே குறை கூறியது. மருத்துவர் பெர்ட்ரண்ட் பெல் தலைமையில் அமைந்த குழுவின் பரிந்துரைப்படி, 1989 முதல் நியூயார்க் மாநிலத்தில் பயிற்சி மருத்துவர் வாரத்துக்கு 80 மணி நேரத்துக்கு மேலும், தொடர்ந்து 24 மணி நேரத்துக்கு மேலும் பணியாற்றலாகாது என்று விதி ஏற்பட்டது. 2003இல் வாரம் 80 மணி என்ற வரம்பு அமெரிக்கா முழுவதற்கும் வந்தது. வாரம் 80 மணி என்பது 'சலுகை' எனப் பேசப்பட்டதிலிருந்தே முன்பிருந்த நிலையை ஊகித்துக்கொள்ளலாம்.

ஐரோப்பாவில் இக்கேள்வி வேறு வடிவில் எழுந்தது. அங்கு வாரத்துக்குச் சராசரி 48 மணி என்ற சட்டம் 1993இல் வந்தது. பயிற்சி மருத்துவர்களுக்கு அது படிப்படியாக நீட்டிக்கப்பட்டு 2009இல் முழுமை பெற்றது. இடையில் ஒரு வினா பிறந்தது. மருத்துவர் இரவில் மருத்துவமனையில் தங்கி, அழைப்பு வராத நேரத்தில் கண்ணயர்ந்தால், அது பணியா, ஓய்வா? ஸ்பெயினின் வலென்சியா மருத்துவர்கள் தொடர்பாக 2000இலும், ஜெர்மனியின் கீல் நகர மருத்துவர் ஒருவர் தொடர்பாக 2003இலும் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மருத்துவமனையில் இருக்கக் கடமைப்பட்ட நேரம் முழுவதும் பணி நேரமே, அவர் உறங்கினாலும் சரியே என்பது முடிவு. கெய்ரோவின் வக்ஃபு ஆவணம் இரவுத் தங்கலை மருத்துவரின் கடமைப் பட்டியலில் எழுதி வைத்து ஏழு நூற்றாண்டுகள் கடந்தபின் வந்த தீர்ப்பு இது.

மணிக்கணக்கு மட்டும் போதுமா?

வரம்பு விதித்ததும் நோய் தீர்ந்துவிடவில்லை. ஆய்வுகள் இருவேறு திசைகளைக் காட்டின. 2004இல் பாஸ்டனிலிருந்து வெளியான ஆய்வு ஒன்று, தீவிர சிகிச்சைப் பிரிவில் நெடுநேரத் தொடர்பணி செய்த பயிற்சி மருத்துவர்கள், குறுகிய முறையில் பணியாற்றியோரைவிடச் சுமார் 36 விழுக்காடு அதிகமான கடும் பிழைகளைச் செய்தனர் என்று கண்டது. ஆனால் 2016இல் வெளியான மற்றோர் ஆய்வு, அமெரிக்காவின் 117 அறுவைப் பயிற்சித் திட்டங்களை ஒப்பிட்டது. தொடர்பணி வரம்பைத் தளர்த்திய இடங்களிலும் கடுமையாக வைத்திருந்த இடங்களிலும் நோயாளிகளின் மரணமும் கடும் சிக்கல்களும் வேறுபடவில்லை.

இரண்டும் ஒன்றையொன்று மறுப்பனவாகத் தோன்றலாம். ஆழ்ந்து நோக்கின் அப்படியன்று. மணியைக் குறைத்துவிட்டு வேலையைக் குறைக்காவிட்டால், அதே வேலை குறுகிய நேரத்துக்குள் திணிக்கப்படும். ஒருவர் விட்டுச் செல்லும் நோயாளியை மற்றொருவர் ஏற்கும்போது செய்திகள் தவறும். களைப்பில் நேரும் பிழைக்குப் பதில் கைமாற்றத்தில் நேரும் பிழை வந்து அமரும்.

இதற்கிடையில் இக்களைப்பின் இயல்பும் விளங்கலாயிற்று. நியூயார்க்கின் இலவச மருத்துவக்கூடம் ஒன்றில் தொண்டாற்றிய உளநல மருத்துவ அறிஞர் ஃபிராய்டன்பெர்கர், தம்மிடத்தும் உடன் தொண்டரிடத்தும் கண்ட ஒரு நிலையை 1974இல் விவரித்தார். எண்ணெய் தீர்ந்த விளக்குப்போல் உள்ளம் எரிந்து அணைந்துபோகும் நிலை அது, பணிச்சோர்வு எனலாம். 1981இல் கிறிஸ்டினா மாஸ்லாக் அதை அளக்கும் முறையை வகுத்தார். உள்ளம் வறண்டு போதல், எதிரிலிருப்பவரை மனிதராகக் கருதாமல் பொருளாகக் கருதத் தொடங்குதல், தன் உழைப்பு வீண் என்று தோன்றுதல் என்பன அதன் மூன்று கூறுகள். 2019இல் உலக சுகாதார நிறுவனமும் அதனை, நோயாக அல்லாமல், பணிச்சூழலில் விளையும் ஒரு நிலையாக ஏற்றுக்கொண்டது.

2008இல் அமெரிக்க அறுவை மருத்துவர்களிடையே நடந்த ஆய்வில் 7,905 பேர் விடையளித்தனர். ஐவரில் இருவரிடம் பணிச்சோர்வு காணப்பட்டது. வார வேலை மணிகளும், வாரத்தில் எத்தனை இரவு அழைப்புப் பணி என்பதும் அதனோடு தொடர்புற்றிருந்தன. கடந்த மூன்று மாதத்தில் தாம் ஒரு பெரும் பிழை செய்ததாக ஒப்புக்கொண்டோர் சுமார் 9 விழுக்காட்டினர். இங்கு ஒரு நுட்பம் உண்டு. பிற காரணங்களையும் சேர்த்துக் கணக்கிட்டபோது, பிழையோடு நேராகத் தொடர்புற்றிருந்தவை பணிச்சோர்வும் மனத்தளர்ச்சியுமே. மணிக்கணக்கு அவ்வாறு தொடர்புறவில்லை. வண்டி எத்தனை கல் ஓடியது என்று பார்த்தோம். மாட்டின் கழுத்துப் புண்ணைப் பார்க்கவில்லை.

கணிப்பொறியின் வருகை

முறைக்கணக்கை அறிவியலாக்கும் முயற்சி இங்கிலாந்தில் முளைவிட்டது. 1952இல் நார்மன் பெய்லி என்னும் புள்ளியியலறிஞர், புறநோயாளிகள் எவ்வெப்போது வந்தால் காத்திருப்பு குறையும் என்பதைக் கணக்கிட்டார். 1976இல் அமெரிக்காவில் செவிலியருக்கான முறைக்கணக்கைக் கணிப்பொறியால் வகுக்கும் வழிகள் வெளியாயின. செவிலியரின் விருப்பத்தையும் எடைபோட்டுக் கணக்கில் சேர்த்தது அவற்றின் சிறப்பு. செவிலியருக்குக் கிடைத்த இக்கவனிப்பு அறுவை மருத்துவரை எட்ட மேலும் பல ஆண்டுகள் ஆயின. சலியாதவருக்கு எதற்குக் கணக்கு என்ற பழைய எண்ணமே குறுக்கே நின்றது.

இதில் கணிப்பொறி எதற்கு என்று கேட்கலாம். ஒரு துறையில் 10 மருத்துவர்கள். மாதத்தில் 30 இரவுகள். இரவுக்கு ஒருவர் என்று கொள்வோம். இவர்களை அமைக்கக்கூடிய வகைகள் 1க்குப் பின் 30 சுழியங்கள் இட்டால் வரும் எண்ணிக்கையாகும். அடுத்தடுத்து இரண்டு இரவு கூடாது, இரவுப் பணிக்கு மறுநாள் திட்டமிட்ட பெரிய அறுவை கூடாது, பண்டிகை நாள்கள் எல்லார்க்கும் சமமாகப் பங்கிடப்பட வேண்டும், பிள்ளைப்பேறு முடிந்து வந்தவருக்குச் சலுகை வேண்டும் என்று நிபந்தனைகள் சேரச் சேர, காகிதமும் பென்சிலுமாக அமர்ந்திருக்கும் மனிதரால் நீதியான கணக்கைக் காண்பது அரிதாகிறது. இறுதியில் எதிர்த்துப் பேசாதவர் தலையில் இரவுகள் குவியும். பொறிக்கு முகதாட்சணியம் இல்லை. இட்ட நிபந்தனையை அது எல்லார்க்கும் ஒன்றாகவே பார்க்கும்.

இரவுப் பணியைவிடப் பெரிய சிக்கல் அறுவைக்கூடத்தின் பகல் அட்டவணை. பாஸ்டனில் யூஜீன் லிட்வாக் என்பவர் 2000 வாக்கில் ஒரு வியப்பான உண்மையைச் சுட்டினார். விபத்தும் குடல்வாலும் சொல்லிக்கொண்டு வருவதில்லை. ஆகவே அவசர நோயாளிகளின் வரவுதான் ஏறி இறங்கும் என்று எல்லாரும் நம்பினர். கணக்கிட்டுப் பார்க்கையில், நாமே நாள் குறிக்கும் அறுவைகளே நாளுக்கு நாள் அதிகமாக ஏறி இறங்கின. மருத்துவர்கள் தத்தமக்கு வசதியான நாள்களில் அறுவையைக் குறித்ததே காரணம். ஒரு நாள் கூடம் நெரியும், மறுநாள் வெறிச்சோடும். நெரியும் நாளில் அவசர நோயாளி வந்தால் குறித்த அறுவை தள்ளிப்போகும். பகலில் முடிய வேண்டியது நள்ளிரவுக்கு நீளும். அந்நகர மருத்துவமனை ஒன்று அவசர அறுவைக்கென ஒரு கூடத்தைத் தனியே ஒதுக்கிவைத்துப் பிறவற்றைச் சீராகப் பரப்பியபோது, கடைசி நேரத்தில் தள்ளிப்போன அறுவைகள் பெரிதும் குறைந்தன. இதற்குப் புதிய கட்டடமோ கூடுதல் ஆளோ தேவைப்படவில்லை.

இன்று அறுவை ஒவ்வொன்றுக்கும் ஆகும் நேரத்தைப் பழைய பதிவுகளிலிருந்து மதிப்பிடும் மென்பொருள்கள் வந்துள்ளன. இரண்டு மணி நேரத்தில் முடிப்பேன் என்று மருத்துவர் நம்பிக்கையோடு சொல்வதையும், அவருடைய சென்ற ஐம்பது அறுவைகள் காட்டும் உண்மையையும் அவை ஒப்பிடுகின்றன. நம்பிக்கைக்கும் உண்மைக்கும் உள்ள இடைவெளியே மாலைகளையும் இரவுகளையும் விழுங்குகிறது.

பொறி நன்மையே செய்யும் என்பதற்கும் உறுதியில்லை. மருத்துவப் பதிவேடுகளைக் கணிப்பொறிக்கு மாற்றியபோது உழைப்பு குறையும் என்றார்கள். 2016இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில் 57 மருத்துவர்களைக் கூர்ந்து கவனித்தபோது, நோயாளியோடு செலவிட்ட ஒவ்வொரு மணி நேரத்துக்கும் பதிவேட்டிலும் மேசை வேலையிலும் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் கழிந்தது தெரியவந்தது. அட்டவணைப் பொறியும் அவ்வாறு திரும்பக்கூடும். கூடம் ஒரு நிமிடமும் வெறுமையாக இருக்கலாகாது என்று அதனிடம் சொன்னால், மருத்துவர் தண்ணீர் அருந்தும் இடைவேளையையும் அது நிரப்பிவிடும். ஒருவருக்கு இத்தனை இரவுக்குமேல் கூடாது என்று சொன்னால் அதையும் அது தவறாமல் காக்கும்.

நம் நாட்டு நிலை

இந்தியாவிலும் விதி இல்லாமலில்லை. மத்திய அரசு 1992இல் வகுத்த பயிற்சி மருத்துவர் திட்டம், தொடர்பணி சாதாரணமாக நாளுக்கு 12 மணி நேரத்தையும் வாரத்துக்கு 48 மணி நேரத்தையும் தாண்டலாகாது என்றும், வார விடுமுறை வேண்டும் என்றும் கூறுகிறது. ஆயினும் 2024 ஆகஸ்டில் கொல்கத்தாவில் நெடும்பணிக்கிடையே ஓய்வெடுக்கத் தனியிடமின்றிக் கருத்தரங்க அறையில் உறங்கிய பெண் மருத்துவர் கொடுமைக்குள்ளாகிக் கொல்லப்பட்டபோது, 36 மணி நேரத் தொடர்பணி இன்றும் நடைமுறையில் இருப்பது உச்ச நீதிமன்றத்திலேயே பேசப்பட்டது. விதி எழுதப்பட்டு 32 ஆண்டுகள் கடந்திருந்தன. சுவரில் ஒட்டிய தாளுக்கும் விதிப் புத்தகத்துக்கும் இடையே அத்தனை தூரம்.

இத்தூரத்தைக் குறைக்கப் பொறி உதவும். குறைக்க வேண்டும் என்ற எண்ணத்தை அது தராது. மன்ஸூரீ மருத்துவமனையின் ஆவணத்தை எழுதியோரிடம் எந்தப் பொறியும் இல்லை. இரவும் பணியே என்பதை ஒப்பும் நேர்மையும், முறை வகுக்கையில் மருத்துவரையே கலந்துகொள்ளும் பண்பும் அவர்களிடம் இருந்தன. சுமையைச் சீராகப் பரப்பும் கணக்கு அவர்களுக்குத் தெரியாது. அது இந்நூற்றாண்டு நமக்களித்த கொடை. அந்த இரண்டையும் இந்த ஒன்றோடு சேர்க்கும் மருத்துவமனையில், நள்ளிரவில் அறுவைக்கூடத்துக்குக் கொண்டுசெல்லப்படும் நோயாளிக்குத் தூங்கி எழுந்த ஒரு கை காத்திருக்கும். அடுத்த முறை மருத்துவமனைக்குச் செல்கையில், மருத்துவரின் தகுதிப் பட்டங்களைப் படிக்கும் நாம், அவர் கடைசியாக எப்போது உறங்கினார் என்ற கேள்வியையும் நிருவாகத்திடம் கேட்கப் பழகுவோமாக.